யாரையும் கடிக்காத ஜாடி

கார்னிவல் திருவிழா முடிந்த புதன்கிழமை மதியம் ருஃபினோ அண்ணன் ஊரைவிட்டுப் போனான். 1987, மார்ச் நான்காம் தேதி. முந்தைய நாள்தான் எங்கள் ஊர் புக்காமாயுவில் எல்லா வண்டிகளுக்கும் சோள மது தெளித்து, காகிதச் சுருள் சுற்றிப் பூஜை போட்டிருந்தார்கள். அவன் ஏறிய லாரியின் முன்கண்ணாடியில் ஒரு மஞ்சள் சுருள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருஷம் அவனே ஓட்டிய லாரி அது. அன்று பின்னால் ஏறி உருளைக்கிழங்கு மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"முன்னால வந்து உக்காருடா," என்று லாரிக்காரர் கத்தினார்.

"வேணாம் மாமா. பாதி வழியில நெஞ்சு நின்னுச்சுன்னா உங்க மேலயே சாஞ்சிருவேன். அப்புறம் ரெண்டு பேரும் ஆத்துலதான்."

அவன் அம்மா நிக்காசியா அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் கட்டிய துணி மூட்டையை மேலே நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசியா ஒரு தடவ கேக்குறேன்மா. உன் பூச்சி பொய் சொல்லுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். மகன் கேட்கிறான் என்பதற்காக ஒரு பதிலை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"இந்தப் பன்னெண்டு வருஷத்துல சொன்னதில்லய்யா," என்றாள்.

அவன் மூட்டையை வாங்கிக்கொண்டான். லாரி கிளம்பியது. கிழக்கே, மலைக்குக் கீழே, கரும்புக்காடுகளின் பக்கம். அங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

நிக்காசியா என் அம்மாவின் அக்கா. எனக்கு நான்கு வயதிலிருந்து அவள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம், அடி எல்லாம். ஊரில் அவளுக்குப் 'பூச்சிக்காரம்மா' என்று பெயர். நேருக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தப் பெயர் வந்தது அவள் புருஷன் செத்ததால். ஃபெர்மின் பெரியப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. கிழங்கு வயலில் மண்வெட்டியை ஓங்கியவர் அதைக் கீழே இறக்கவேயில்லை. அப்படியே சாய்ந்தார். சுகாதார நிலையத்து டாக்டர் பால்தெர்ராமா வந்து பார்த்துவிட்டு, "ஷாகாஸ் நோய். இருபது வருஷமா இதயத்த உள்ளேயே தின்னிருக்கு," என்றார். மண்சுவர் வெடிப்பிலும் கூரை வைக்கோலிலும் ஒளிந்திருந்து தூங்குகிறவர்களின் ரத்தம் குடிக்கும் வின்சூக்கா பூச்சிதான் அந்தக் கிருமியைக் கொண்டுவருகிறது என்றும் சொன்னார். மூட்டைப்பூச்சியைப் போல இருக்கும், ஆனால் பாதிக் கட்டைவிரல் நீளம். எங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. குழந்தைகள் அதை வைத்து விளையாடியிருக்கிறோம்.

பெரியம்மா அடக்கம் முடிந்த மறுநாள் தன் படுக்கையறைச் சுவரைக் கத்தியால் சுரண்டி நாற்பத்து மூன்று பூச்சிகளைப் பால் டப்பாவில் பிடித்தாள். மூன்று மணி நேரம் நடந்துபோய் டாக்டர் மேஜைமேல் வைத்தாள்.

"இதுங்கதான் அவரக் கொன்னது. மூஞ்சிய நல்லாப் பாத்துக்குங்க."

மூடி சரியாக இல்லை. பூச்சிகள் காகிதங்களின்மேல் நடக்கத் தொடங்கின. டாக்டர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். பெரியம்மா ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கித் திரும்ப டப்பாவில் போட்டாள். நாற்பத்து மூன்றும் சரியாக இருக்கிறதா என்று எண்ணினாள். அடுத்த வாரம் டாக்டர் ஆள் அனுப்பி அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

வேலை பூச்சி வளர்ப்பது. அந்தக் காலத்தில் இந்த நோயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நோய் பழசாகிவிட்டால் ரத்தத்தில் கிருமி ஒன்றோ இரண்டோதான் இருக்கும், கண்ணாடித் துண்டில் எத்தனை சொட்டு வைத்துத் தேடினாலும் அகப்படாது. ஆனால் அதே ரத்தத்தை ஒரு பூச்சி குடித்தால், அந்த ஒன்று அதன் வயிற்றில் ஆயிரமாகும். அதனால் முட்டையிலிருந்தே ஜாடியில் வளர்த்த, கிருமியில்லாத, பட்டினி போட்ட பூச்சிகளைச் சின்னப் பெட்டியில் அடைத்து, வலைத்துணி மூடிய பக்கத்தை ஆளின் முழங்கையடியில் வைத்துக் கட்டுவார்கள். அரைமணி நேரம். பூச்சிகள் குடித்துப் பருத்துவிடும். முப்பது நாள் கழித்துப் பூச்சியின் வயிற்றை அமுக்கி, வரும் எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், இருந்தால் தெரியும். வாலை வீசித் துடிக்கும் நூல் மாதிரி.

ஜாடிப் பூச்சிகளுக்குக் கோழி ரத்தம் மட்டும்தான் தரவேண்டும். இந்தக் கிருமி பறவையின் உடம்பில் பிழைக்காது. பெரியம்மா ஒன்பது கோழி வைத்திருந்தாள். ஊரில் தன்னைப் பற்றி வம்பு பேசியவர்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தாள். வயிற்று இறகைப் பிடுங்கிவிட்டு, ஜாடி வாயை அங்கே ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதட்டுவாள்:

"ஏய் கிரிகோரியா, ஆடாத. ஊர்ல பேசும்போதுதான் வாய் மூடல, இப்பவாவது சும்மா கெட."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் நிஜ கிரிகோரியா, "என்னடி சொன்ன?" என்பாள்.

"கோழியச் சொன்னேன் தாயி. உன்னச் சொல்லுவனா?"

ருஃபினோ அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எனக்கு ஆயிரத்து இருநூறு தம்பிங்க. எல்லாருக்கும் தினம் கோழி, எனக்கு மட்டும் கிழங்கு," என்பான். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜாடிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "தம்பி, கொஞ்சம் குடேன்," என்று கெஞ்சுவான். அவள் அகப்பையை எறிவாள்.

86 நவம்பரில் பள்ளத்தாக்கு முழுக்கக் கோழிக் கழிச்சல் வந்தது. பத்தே நாள். எங்கள் ஒன்பதும் போயின, கிரிகோரியாவின் இருபதும் போயின. மாதா கோயில் முற்றத்துப் புறாக்கள்கூட விழுந்து கிடந்தன. அந்தச் சமயம் டாக்டர் ஒரு பயிற்சிக்காகத் தலைநகருக்குப் போயிருந்தார், மார்ச்சில்தான் வருவார். பூச்சிக் குஞ்சு ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கவும் ஒரு வயிறு ரத்தம் வேண்டும். கிடைக்காவிட்டால் காய்ந்து சாகும். மேல்மலையிலிருந்து கோழி கொண்டுவர ஆள் சொல்லியிருந்தாள். மலையிலும் கழிச்சல் என்று செய்தி வந்தது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் முற்றத்து வெயிலில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே ஜாடி கவிழ்ந்திருந்தது.

"வலிக்குதா பெரியம்மா?"

"இது கடிச்சா வலிக்காதுடி தெயோ. அதான் இதோட சாமர்த்தியம்."

"கோழி மட்டும்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரே?"

"டாக்டர் தலைநகர்ல இருக்காரு. பசி இங்க இருக்கு." பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாள்: "ஏன் கோழி மட்டும்? மனுஷனுக்கு நோய் இருந்தாலும் இருக்கும், அதனால. எனக்குத்தான் இல்லையே. வேலைக்குச் சேந்தப்பவே ரெண்டு தடவ கட்டிப் பாத்தாச்சு. பூச்சிங்களே சொல்லிருச்சு."

பழைய நோயாளிகளில் பாதிப்பேரைப் பூச்சிகள் தவறவிட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவளே அதை எடுத்துச் சொல்வாள். தன் விஷயத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கையால் வளர்த்தவை அவளுக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தன. அவள் நம்பினாள்.

நான்கு வாரம் அவள் கைதான் அவற்றுக்குக் கோழி.

டிசம்பரில் ஏழு பேருக்குப் பெட்டி கட்டினாள். ஏழாவது ஆள் ருஃபினோ. வெளியூர் பஸ் ஓட்டும் வேலைக்கு அவனை எடுத்திருந்தார்கள், இதய நோய் இல்லை என்று சான்றிதழ் மட்டும் வேண்டும். பசிலியாவோடு கல்யாணம் பேசி முடித்திருந்தது, கார்னிவலுக்குப் பிறகு நாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு, "தம்பிங்களா, அண்ணன்டா, பாத்துக் கடிங்க," என்று அவன் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

டாக்டர் இல்லாதபோது, அவர் கொடுத்துவைத்த மைக்ரோஸ்கோப்பில் வீட்டிலேயே பார்ப்பதும் அவள்தான். ஏழில் ஆறு பேருக்கு இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அது ஒன்றும் அதிசயமில்லை, நாலில் மூன்று பேருக்கு இருக்கும். ருஃபினோவின் கண்ணாடித் துண்டை இரண்டு நாள் வைத்திருந்து திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அவனையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

"நல்லாத்தான் நீந்துது," என்றான்.

அவன் அப்பா விழுந்தபோது பக்கத்து வரப்பில் நின்றவன் அவன்தான், பத்து வயதில். பஸ்ஸில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை வளைவில் போகிறவனுக்கு அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பசிலியாவின் வீட்டுக்குப் போய் அவனே முறித்துக்கொண்டு வந்தான். "விதவையாக்குறதுக்கு ஒரு கல்யாணம் எதுக்கு?" என்று கேட்டானாம். அவள் துடைப்பத்தை எடுத்து அடித்தாளாம். அழுதுகொண்டே அடித்தாள் என்று கிரிகோரியா சொன்னாள்.

அவன் போன ஒன்பதாம் நாள் பெரியம்மா ஜாடிகளைக் கழுவி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் எண் ஜாடி மிச்சம் வைத்தது, அதிலிருந்து யாருக்கும் பெட்டி கட்டவில்லை. அதில் அடியில் கிடந்த எச்சத்தை வழித்துக் கொட்டப்போனவள், என்ன தோன்றியதோ, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாள்.

நான் கதவருகே நின்று மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு அசையவேயில்லை.

"தெயோ, இங்க வா. எனக்குக் கண்ணு சரியில்ல. என்ன தெரியுது சொல்லு."

பார்த்தேன். "நீந்துது பெரியம்மா."

"இந்த ஜாடி யாரையும் கடிக்கலடி," என்றாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டித் தன் முழங்கையை, ஏதோ வேறொருத்தியுடையதைப் போலப் பார்த்தாள்.

தனக்கு நோய் இருக்கிறது என்பதும், மகனுக்கு இல்லாமல் இருக்கலாம் என்பதும் ஒரே நொடியில் அவளுக்குத் தெரிந்தன. முதலாவதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. "லாரி எந்தப் பாதையில போச்சு?" என்றுதான் கேட்டாள்.

டாக்டர் அந்த வாரக் கடைசியில் வந்தார். அவர் பெட்டியை இறக்கிவைக்கும் முன்னே வாசலில் போய் நின்றாள்.

"டாக்டர், நான் சட்டத்த மீறிட்டேன். ஏழு பேருக்குக் கெட்டுப்போன பூச்சிய வெச்சு முடிவு சொல்லியிருக்கேன். அதுல ஒருத்தன் என் பையன்."

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டாம் ஜாடியைப் பார்த்தார். மற்ற ஜாடிகளையும் பார்த்தார். திட்டுவார் என்று நான் பயந்தேன். "எத்தன வாரம் குடுத்தீங்க தோன்யா நிக்காசியா?" என்று, வழக்கம்போல மரியாதைக்கு 'தோன்யா' சேர்த்து, அதை மட்டும் கேட்டார்.

"நாலு."

"என்கிட்ட ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே."

"எனக்கு நோய் இல்லன்னு நெனச்சேன். எதுக்குத் தந்தின்னு..."

வெந்நீர் கொதிக்கவைத்து எல்லா ஜாடிகளையும் அவளே அதில் கவிழ்த்தாள். டாக்டர் வேறு ஆளைச் செய்யச் சொன்னார், அவள் விடவில்லை. பிறகு மற்ற ஆறு பேரையும் வீடுவீடாகப் போய்க் கூட்டிவந்து ரத்தம் எடுத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்று பேருக்கு இருந்தது. மூன்று பேருக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. ருஃபினோவின் ரத்தம் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர்களில் தபால் வராது, ரேடியோ வரும். சனிக்கிழமை காலையில் எங்கள் கெச்சுவா மொழி நிலையத்தில் செய்தி நேரம்: இன்னாருக்குக் குழந்தை பிறந்தது, இன்னார் கழுதையை அனுப்பவும், இன்னாரின் மாமா இறந்துவிட்டார். மலையிலும் காட்டிலும் வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் கேட்பார்கள். படிக்கிறவர் தோன் எலியோதோரோ. பெரியம்மா சந்தை ஊருக்கு நடந்துபோய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"உனக்கு நோய் இல்ல மகனே, திரும்பி வான்னு போடட்டுமா?" என்று அவர் பேனாவை எடுத்தார்.

"அது எனக்குத் தெரியாதே."

"அப்ப நோய் இருக்கலாம்னு போடட்டுமா?"

"அதுவும் தெரியாது. நிச்சயமாச் சொல்லி ஒரு தடவ அவன அனுப்பிட்டேன். ரெண்டாந்தடவ நிச்சயமாச் சொல்லமாட்டேன்."

கடைசியில் எழுதியது இதுதான்: 'புக்காமாயு ஃபெர்மின் மகன் ருஃபினோவுக்கு, அம்மா நிக்காசியா சொல்வது. உனக்குச் சொன்ன முடிவு முடிவில்லை. பூச்சிகள் என் கையில் குடித்தவை. எந்த ஊரில் இருந்தாலும் ரத்தம் கொடுத்துப் பார். அங்கே முடியாவிட்டால் வீட்டுக்கு வந்து என்னிடம் கையைக் கொடு.'

ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இரண்டு முட்டையோ கொஞ்சம் சோளமோ எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே போய் நினைவூட்டுவாள்.

"தோன்யா, இருநூறு தடவ படிச்சாச்சு. இனி நான் தூக்கத்துலயே சொல்லுவேன்," என்பார் அவர்.

"தூக்கத்துல வேணாம் தோன் எலியோதோரோ. சனிக்கிழமை சொன்னாப் போதும்."

சுகாதார நிலையத்தில் பூச்சிகள் போய் ரத்தச் சோதனை வந்தது. அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. விரல் குத்தி ரத்தம் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். அதன்பின் யாருக்கும் 'இருக்கு' 'இல்ல' என்று அவள் வாயால் சொன்னதில்லை. "இன்னொரு தடவ பாத்துருவோம் ஐயா," என்பாள். சாதாரணக் காய்ச்சலோடு வருகிறவர்கள்கூட இரண்டு தடவை விரலை நீட்ட வேண்டியிருந்தது. "பூச்சிக்காரம்மாவுக்கு இப்ப பூச்சி இல்ல, அதான் அவளே குத்திக் குடிக்கிறா," என்று சிரித்தார்கள். அவளும் சிரிப்பாள்.

பதினெட்டு வயதில் நான் கிளம்பிவிட்டேன். எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. கரும்பு ஆலைகள், எல்லை தாண்டித் தையல் பட்டறைகள், ஒரு மீன்பிடி ஊர், மறுபடி கரும்பு. போன இடமெல்லாம் கேட்டேன். ஆலைப் பக்கத்து முகாம் ஒன்றில் சமையற்காரியிடம் அண்ணன் பேரைச் சொன்னதும் வரிசையில் நின்ற ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் பெரியம்மாவின் செய்தியை ஒப்பித்தார்கள், எலியோதோரோவின் மூக்குக் குரலிலேயே. "அந்தப் பூச்சிக்காரம்மாவா? எங்க எல்லாருக்கும் அவதான் அம்மா," என்றான் ஒருத்தன். செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. அவனைத்தான் யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரியாது என்றார்கள்.

96 மே மாதம் திரும்பினேன். பெரியம்மா படுக்கையில் இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இதயம் பூசணிக்காய் அளவு இருக்கிறது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

"எங்க பாத்த அவன?" இதுதான் முதல் கேள்வி.

"பாக்கல பெரியம்மா."

"சரி. முட்டை எடுத்துட்டுப் போ. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

பதினொரு வெள்ளிக்கிழமைகள் நான் போனேன். பதினோராவது சனிக்கிழமை காலை, ரேடியோவில் அவள் பெயர் வந்தபோது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "'முடிவில்லை'ங்கறத இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லச் சொல்லு," என்றாள். மதியம் சூப் கிண்ணத்தோடு நான் வரும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அடக்கத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எலியோதோரோவைப் பார்க்கப் போனேன். "நாளைக்கு என்ன படிக்கட்டும் பொண்ணே? பழையதையே படிக்கவா? இல்ல, இறந்துட்டாங்கன்னு போடவா?" என்றார்.

யோசித்தேன். 'வீட்டுக்கு வந்து என்னிடம் கையைக் கொடு' என்று செத்தவள் பெயரில் எப்படிப் படிப்பது? இறந்துவிட்டாள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவன் எங்காவது ஒரு வயலில், தானும் இன்றோ நாளையோ என்று நினைத்துக்கொண்டு, தனியாக அதைக் கேட்க வேண்டுமா?

"ஒண்ணும் படிக்காதீங்க மாமா," என்றேன். "போதும்."

சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், அவளுக்குப் படைக்க ரொட்டி மாவு வாங்கப் போன என்னை எலியோதோரோ சந்தையில் கண்டுபிடித்தார். ஓடிவந்திருந்தார். நிலையத்துக்கு வந்த ஒரு காகிதத்தை நீட்டினார். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து.

'புக்காமாயு நிக்காசியாவுக்கு, மகன் ருஃபினோ. அம்மா, மூணாவது வருஷமே உன் செய்தியக் கேட்டுட்டேன். ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல உன்மேல கோவம், அதனால வரல. அப்புறம் கோவம் போயிருச்சு. ஆனா பதில் சொன்னா நீ நிறுத்திருவன்னு சொல்லல. சனிக்கிழமை சனிக்கிழமை உன் பேரச் சொல்றாங்க, நீ இருக்கன்னு தெரிஞ்சுக்குவேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சு. ஒம்பது சனிக்கிழமையா வரல. உடம்புக்கு என்னம்மா? நான் கிளம்பி வரவா? அடுத்த சனிக்கிழமை ரேடியோவுல சொல்லச் சொல்லு. நான் பக்கத்துலயே இருப்பேன்.'